உள்பொருள்: சுவாரெஸ் கண்டதும் மெய்கண்டார் கண்டதும்

குழந்தை முதலிற் பயிலுஞ் சொற்களுள் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டும் அடங்கும். பானையிற் சோறு உண்டு என்பதும், உறியில் தயிர் இல்லை என்பதும் அதற்கு ஐயமின்றி விளங்கும். ஆயின், 'உண்டு' என்பதன் பொருள் யாது, உளதாதல் என்பது எத்தன்மைத்து என்று வினவின், கற்றுத் துறைபோயவரும் சிறிது தயங்கியே விடை கூறுவர். எளிய சொல்லுள் அடங்கிக் கிடக்கும் இவ்வரிய வினாவே மெய்யியலின் தலையாய வினாவாகும். உலகப் பொருள்களுள் ஒவ்வொரு கூற்றை ஒவ்வோர் அறிவியல் ஆராய, உள்பொருளை உள்பொருள் என்ற அளவிலே ஆராயுந் துறை ஒன்று வேண்டும் என்று அரிஸ்டோத்தில் கூறினார். அத்துறையே பின்னாளிற் பௌதிகவதீதம் எனப் பெயர் பெற்றது.

கி. பி. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் மேல்நாட்டுக் கல்விக்கழகங்களில் இத்துறை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், அஃது எவ்வழியாக நம் தமிழ்நிலத்தை வந்தடைந்தது என்பதையும், இங்கு வழங்கிய சைவசித்தாந்தக் கொள்கையோடு அஃது எவ்விடத்து ஒத்து எவ்விடத்து மாறுபடுகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திருகோணமலையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624ஆம் ஆண்டளவிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் கப்பல்களில், பீரங்கியோடும் சிலுவையோடும் ஒரு மெய்யியலும் வந்திறங்கியது. கற்கள் இன்றும் கண்ணுக்குப் புலனாகின்றன. மெய்யியலோ நம் கவனத்திற்கு எட்டாமலே போயிற்று.

சுவாரெஸும் அவர் நூலும்

அம்மெய்யியலுக்கு அக்காலத்தில் நிலையான வடிவந் தந்தவர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் என்னும் இசுப்பானியர். இவர் 1548இற் கிரனாடா நகரிற் பிறந்து, யேசு சபையிற் சேர்ந்து, உரோமாபுரிக் கல்லூரியிலும் சலமன்காவிலும், 1597 முதற் போர்த்துக்கல் நாட்டுக் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 1617இல் லிஸ்பனிற் காலமானார். இவருடைய 'பௌதிகவதீத ஆய்வுரைகள்' 1597இல் வெளிவந்தது. அஃது 54 ஆய்வுரைகளைக் கொண்ட பெருநூல். அதற்கு முன்னிருந்த ஆசிரியர்கள் அரிஸ்டோத்திலின் நூலை வரி வரியாக எடுத்து உரை எழுதிச் சென்றனர். சுவாரெஸ் அம்முறையை விடுத்துப் பொருள் முறையே துறையை வகுத்து, ஒவ்வொரு வினாவிலும் பிறர் மதங்களை நிறுத்தி, மறுத்து, தம் முடிபை நாட்டினார். பிறர் மதம் கூறி, அதனை மறுத்துத் தன் மதம் கொள்ளும் முறையில் எழுந்த நம் சித்தாந்த உரைகளைப் பயின்றார்க்கு இந்நூலின் போக்குப் புதிதாகத் தோன்றாது.

இந்நூலின் செல்வாக்குக் கத்தோலிக்க நாடுகளோடு நின்றுவிடவில்லை. சமயத்தில் எதிரிகளாயிருந்த சீர்திருத்தச் சபையாரின் பல்கலைக்கழகங்களும் இதனை ஏற்றுப் பயின்றன. ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திற் கற்பித்த பிராங்கோ பூர்கஸ்டைக் என்பாரின் பௌதிகவதீத நூல், அவர் மறைந்தபின் 1640இல் வெளிவந்தது. அது சுவாரெஸுக்குப் பெரிதுங் கடன்பட்டது. 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டைக்காகப் போரிட்ட இரு சாராரின் குருமாரும் உள்பொருளைப் பற்றி ஏறத்தாழ ஒரே பாடத்தையே கற்றிருந்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

பெயரும் எச்சமும்

சுவாரெஸின் கொள்கையை இனிச் சுருக்கிக் காண்போம். 'உள்பொருள்' என்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அவர் இரு வகையாகப் பிரித்தார். அச்சொல் வினையெச்சத் தன்மையில் நின்று, இப்பொழுது உளதாயிருப்பதைக் குறிக்கும். பெயர்த் தன்மையில் நின்று, உளதாதற்குத் தகுதியுடைய மெய்யான இயல்பைக் குறிக்கும். இன்று பூத்திருக்கும் தாமரை முதல் வகையாலும் உள்பொருள், இரண்டாம் வகையாலும் உள்பொருள். அடுத்த ஆண்டு பூக்கவிருக்கும் தாமரை இப்பொழுது இல்லையாயினும், பூத்தற்கு இயைந்த இயல்பொன்றை நாம் அறிகின்றோமாதலின், இரண்டாம் வகையால் உள்பொருளின் பாற்படும். ஆகாயத் தாமரையோ மனத்தின் கற்பனையில் மட்டுமே நிற்பது. அதனை அவர் 'கருத்தளவிற் பொருள்' என ஒதுக்கி, இறுதி ஆய்வுரையில் தனியே ஆராய்கின்றார். பௌதிகவதீதத்தின் ஆய்பொருள் மெய்யான உள்பொருளேயன்றிக் கருத்தளவிற் பொருள் அன்று என்பது அவர் துணிபு.

தமிழில் இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. 'உள்ளது' என்பது வினையாலணையும் பெயர்; 'பொருள்' என்பது பெயர். முன்னது இருத்தலை முதன்மையாக உணர்த்துகின்றது. பின்னது இயல்பை முதன்மையாக உணர்த்துகின்றது. மற்றொரு நயமும் தமிழில் உண்டு. இலத்தீனில் ஒரே வினைச்சொல் 'மரம் உளது' என்பதற்கும் 'இது மரம்' என்பதற்கும் பயன்படும். நாமோ 'மரம் இல்லை' என்று இருப்பை மறுப்போம். 'இது மரம் அன்று' என்று இயல்பை மறுப்போம். 'இல்லை' என்பதும் 'அன்று' என்பதும் வெவ்வேறாக நிற்றலால், மேல்நாட்டார் பல நூற்றாண்டு முயன்று பிரித்துக் காட்டிய இரு கருத்துக்களை நம் வழக்கு மொழியே பிரித்துக் காட்டுகின்றது.

இனி, இருப்பும் இயல்பும் படைக்கப்பட்ட பொருளில் மெய்யாகவே வேறாகிய இரண்டா என்னும் வினா எழுகின்றது. தோமஸ் அக்குவைனஸைப் பின்பற்றியோர், அவை மெய்யாகவே வேறு என்றனர். சுவாரெஸ் அதனை மறுத்து, ஒரு பொருளின் உளதாந் தன்மையும் அதன் இயல்பும் பொருளளவில் ஒன்றே, அறிவு மட்டுமே தக்க காரணம் பற்றி அவற்றைப் பிரித்துக் காண்கின்றது என்றார். படைக்கப்படுமுன் அப்பொருளின் இயல்பு எங்கேனும் ஒரு பொருளாய்க் காத்திருக்கவில்லை. முற்றிலும் இன்மையே என்பது அவர் முடிபு.

ஆகுபெயர் அன்று

அடுத்து நிற்பது மிகக் கடினமான வினா. இறைவனும் உளன், எறும்பும் உளது. இவ்விரண்டிடத்தும் 'உளதாதல்' ஒரே பொருளிலா வழங்குகின்றது? ஒரே பொருளில் என்றார் தன்ஸ் ஸ்கோட்டஸ். அவ்வாறாயின் இறைவனும் எறும்பும் ஓரினத்தன ஆகும் என்று அஞ்சியோர் அதனை மறுத்தனர். முற்றும் வேறு பொருளில் எனின், உலகைக் கொண்டு இறைவனை அறியும் வழி அடைபட்டுவிடும். சுவாரெஸ் நடுவழி கண்டார். உள்பொருள் என்னும் கருத்து ஒன்றே. ஆயினும் அஃது இறைவனுக்கு முதன்மையாலும், படைப்புக்கு அவனைச் சார்ந்து நிற்றலாலும் உரியது. சார்ந்து நிற்பினும் படைப்புக்கு உரிய இருப்பு மெய்யாகவே அதனுள் உளது.

'ஊர் சிரித்தது' என்கின்றோம். சிரிப்பு ஊரவர்க்கு உரியது. ஊர் என்னும் இடத்தின்பாற் சிரிப்பு இல்லை. தொடர்புபற்றியே சொல் வழங்கிற்று. இஃது ஆகுபெயர். 'எறும்பு உளது' என்பது இவ்வாறு அன்று. கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியாக வயலை அடைகின்றது. வயலிலுள்ள நீர் குளத்தைச் சார்ந்தது. குளம் அடைபடின் வயல் வறளும். ஆயினும் வயலில் நிற்பதும் நீரேயன்றி நீரெனப் பெயர் மாத்திரம் பெற்றதன்று. குளத்து நீரும் வயல்நீரும் ஓரினம் ஆதலின் உவமை முற்றும் பொருந்தாதெனினும், சார்பும் மெய்ம்மையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதை இது விளக்கும். இங்ஙனம், தன்னால் தானாய் உள்ளது, பிறிதொன்றால் உள்ளது என உள்பொருளை இரண்டாக வகுத்தலே சுவாரெஸ் நூலின் முதுகெலும்பு ஆகும்.

தமிழில் வந்த வழி

இப்பாடத்தை யேசு சபையார் தம் கல்லூரிகளில் முறையாகக் கற்பித்தனர். 1599இல் வகுக்கப்பட்ட அவர்தம் கல்வித்திட்டம் அளவை நூல், இயற்கை நூல், பௌதிகவதீதம் ஆகியவற்றை மூவாண்டு பயிலுமாறு விதித்தது. அத்தகைய கல்வி பெற்று 1605இல் இந்தியாவுக்கு வந்து, 1606 முதல் மதுரையில் வாழ்ந்தவரே தத்துவபோதக சுவாமிகள் எனப்பெற்ற இறொபேட்டோ தெ நொபிலி. இவர் முதுமையில் யாழ்ப்பாணத்திலுஞ் சில காலம் தங்கி, 1656இல் மயிலாப்பூரிற் காலமானார். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிர்ணயம்' முதலிய இவருடைய தமிழ் உரைநடை நூல்கள் அக்கல்வியின் பயனே. இவருக்கு முன் 1578இற் கொல்லத்தில் அச்சான நூல் கடவுளைத் 'தம்பிரான்' என்றது. நொபிலி 'சருவேசுரன்' என்னுஞ் சொல்லை ஆண்டார். தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாக ஓதிவந்த கடவுள் இலக்கணங்களுள் முதலாவது, அவர் தம்மாலே தாமாய் இருப்பவர் என்பதாகும். மேலே கூறிய பகுப்பின் முதற்கூறே இங்குச் சிறுவரும் ஓதும் பாடமாயிற்று.

மெய்கண்டார் முறை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் இயன்றது. அதன் முதன்மூன்று சூத்திரங்கள் பிரமாணவியல். அடுத்த மூன்றும் இலக்கணவியல். பிரமாணவியலில் இறை, பாசம், உயிர் ஆகியவற்றின் உண்மை நாட்டப்படுகின்றது. ஈண்டு 'உண்மை' என்பது வாய்மை அன்று, உளதாந் தன்மை. இவை உளவா என்பதை முதலில் நாட்டி, பின்னரே இவை எத்தன்மைய என்று இலக்கணங் கூறுவர். 'உளதா?', 'யாது?' என இரு வினாக்களைப் பிரித்து வைத்த அரிஸ்டோத்திலின் அளவை முறையும் இதுவே. இரு மரபும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே ஒழுங்கை மேற்கொண்டமை வியக்கத்தக்கது.

இறைவனை நாட்டும் முறையிலும் ஒற்றுமை உண்டு. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதாகலின் அதனைச் செய்வோன் ஒருவன் உளன் என்பது முதற் சூத்திரத்தின் கருத்து. சுவாரெஸும் அசைவைக் கொண்டு இறைவனை நாட்டும் பழைய இயற்கைநூல் வாதம் போதாதென்று தள்ளி, செய்யப்பட்டது யாதாயினும் பிறிதொன்றாற் செய்யப்பட்டது என்னும் நியாயத்தையே அடிப்படையாக்கினார். ஆயின் இவ்விடத்திலேயே வழிகள் பிரிகின்றன. குடத்திற்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்பர் சித்தாந்திகள். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அவர்தம் சற்காரியவாதம். சுவாரெஸ் மரபிலோ, இறைவன் மண்ணின்றியே குடம் வனைந்த குயவனை ஒப்பான். முன்னர் முற்றிலும் இன்மையாயிருந்தது அவன் ஆற்றலால் உள்ளதாயிற்று.

'அசத்து' என்னுஞ் சொல் பற்றியும் இங்குத் தெளிவு வேண்டும். சித்தாந்தத்தில் உலகம் அசத்து எனப்படுவதைக் கண்டு, அஃது இல்பொருள் எனக் கூறப்பட்டதாகச் சிலர் மயங்குவர். மாறுதலும் ஒடுங்குதலும் உடையதாகலின் அசத்து எனப்பட்டதேயன்றி, முயற்கோடுபோல இல்லாதது என்பது கருத்தன்று. உயிர், சத்தையும் அசத்தையும் அறிந்து சார்ந்ததன் வண்ணமாதலின் சதசத்து எனப்படும்.

தன்வயமும் தன்னாலாதலும்

சிவபெருமானுக்குரிய எண்குணங்களுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது தன்வயத்தனாதல். கத்தோலிக்கர் இலக்கணத்துள் முதலாவது தம்மாலே தாமாயிருத்தல். இரண்டும் ஒன்றென்று கருதத் தோன்றும். ஆயின் அவை ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

சுவாரெஸ் மரபில் பிறிதொன்றால் ஆகாதது ஒன்றே, அதுவே இறைவன். ஆகவே, படைக்கப்படாமையே இறைமையின் அடையாளம். உயிர் படைக்கப்படாதது என்று கூறினால், அதனை இன்னொரு கடவுளாக்கியதாகவே அவர்களுக்குத் தோன்றும். சித்தாந்தத்திலோ பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி, எவையும் படைக்கப்பட்டனவல்ல. ஆகவே, படைக்கப்படாமை இறைமைக்கு அடையாளமாகாது. இறைமையின் அடையாளம் பிறர்வயப்படாமை. கண் இருட்டறையிலும் உளது. ஆயினும் ஒளியின்றிக் காணமாட்டாது. அதுபோல உயிர் தன்னளவில் உளதாயினும், அறிவித்தாலன்றி அறியாது. சுவாரெஸ் மரபினர் உயிரின் சார்பை அதன் இருப்பிலே வைத்தனர். மெய்கண்டார் மரபினர் அதன் அறிவிலும் செயலிலும் வைத்தனர். முன்னவர்க்கு இறைவன் இருப்பைத் தந்தவன். பின்னவர்க்கு அவன் இருப்பவற்றை விளக்குபவன், நடத்துபவன்.

ஒவ்வொரு கொள்கையும் மற்றதனிடம் வினவத் தக்க ஒரு கடாவும் உண்டு. இருப்பிற் சாராதது செயலிற் சார்ந்து நிற்பது எங்ஙனம், செயல் இருப்பைப் பின்பற்றுவதன்றோ என்று மேல்நாட்டார் வினவுவர். செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே நிற்கும் ஆணவம் அதன் ஆற்றலைத் தடுத்து நிற்கின்றது என்று சித்தாந்திகள் விடையிறுப்பர். முற்றிலும் நல்லோனாகிய ஒருவன், இன்மையிலிருந்து எல்லாவற்றையும் ஆக்கினானாயின் தீமை எங்கிருந்து வந்தது என்று சித்தாந்திகள் வினவுவர். தீமை ஒரு பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இன்றி ஒழிந்ததே தீமை என்பது மேல்நாட்டார் விடை. சுவாரெஸ் தம் பதினோராம் ஆய்வுரையில் இதனை விரித்துரைப்பர். ஆகவே, இருள் ஒளியின் இன்மையா அன்றி ஒரு பொருளா என்பதிலே வழக்கு வந்து நிற்கின்றது. இன்மை என்பார் முன்னவர். இருள்போல் மறைக்கும் ஆணவமும் ஓர் உள்பொருளே என்பார் பின்னவர். தீவினையிலும் துயரிலும் அழுந்தியோர்க்கு இது வெறுஞ் சொற்போர் அன்று. தம்மைப் பிணித்திருப்பது ஒரு வெறுமையா, வலிமையுடைய ஒரு பொருளா என்பதற்கேற்ப விடுதலைக்குரிய வழியும் வேறுபடும்.

நேராத வழக்கு

இவ்வழக்கு பதினேழாம் நூற்றாண்டில் ஈழத்தில் நேர்முகமாக நடைபெற்றிருக்கக்கூடும். அதற்குரிய புலமையும் நம்மிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாச முனிவர் அக்காலத்தவர். பறங்கியரின் உணவுக்குப் பசுக் கொடுக்கும் முறை தமக்கு வந்தபொழுது அதற்கு உடன்படாது நாட்டைவிட்டு நீங்கினார் என்பது வழிவழி வந்த வரலாறு. அவர் வடநாடு சென்று வடமொழி கற்று, சிதம்பரத்தில் வாழ்ந்து, சிவஞானசித்தியாருக்கு உரையும் வடமொழியிற் சித்தாந்த நூல்களும் இயற்றினார். அவருடைய கொள்கையைப் பின்னர்ச் சிவஞான முனிவர் மறுத்தார் எனினும், நுண்ணிய வாதத்தில் அவர் எவர்க்கும் பின்னிட்டவரல்லர். சுவாரெஸின் மாணவ பரம்பரை ஒருபுறமும் ஞானப்பிரகாசர் மறுபுறமுமாக அமர்ந்து வாதித்திருப்பின், நமக்கு எத்துணை அரிய நூல் கிடைத்திருக்கும்! ஆனால், வாதிக்க வேண்டியவர் ஊரைவிட்டு ஓடவேண்டியவரானார். கோயில் இடிக்கப்பட்ட இடத்தில் நூலுக்கு இடமேது?

இவ்விடத்து நடுவுநிலைமை வேண்டும். சுவாரெஸ் 1617இலேயே மறைந்தார். கோணேசர் கோயிலை இடித்த கொன்ஸ்தந்தீனு தெ சா என்னும் தளபதியின் செயலை அவர் தலைமேற் சுமத்தல் தகாது. பிற சமயத்தாரை வன்முறையால் விசுவாசத்திற்குக் கொணர்தல் கூடாது என்றே அவர் எழுதினார். எனினும், கிறித்தவ மன்னரின் ஆட்சிக்குட்பட்டோர் செய்யும் விக்கிரக வழிபாடு இயற்கை அறிவுக்கு மாறானதாகலின் அதனைத் தடுக்கலாம் என்பதையும் அவர் உடன்பட்டார். இயற்கை அறிவுக்கு மாறானது எது என்பதை வழிபடுவோனிடம் வினவாமலே முடிவுசெய்தமையே இங்குள்ள குறை. கல்லில் இறைவன் உளன் என்பதற்கும் கல்லே இறைவன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சித்தாந்தி ஒருவன் எடுத்துக் கூறியிருப்பின், இருப்புக்கும் இயல்புக்கும் உள்ள வேறுபாட்டை மயிர்பிளந்து ஆராய்ந்த அப்பேராசிரியர் அதனை உணராதிருந்திரார். கேட்கப்படாத வினாவின் விலையையே நம்மூர்க் கோயில் செலுத்திற்று.

1950இல் மண்ணிலிருந்து மீண்ட திருவுருவங்கள் மீண்டும் கோயில் கொண்டன. 1963இற் குடமுழுக்கும் நிகழ்ந்தது. கல்லாற் செய்யவேண்டிய பணி நடந்தேறியது. அறிவாற் செய்யவேண்டிய பணி எஞ்சியுள்ளது. எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடையிற் கூறிக் கைதட்டுப் பெறுதல் எளிது. பிற சமயத்தார் அறியாமையுடையர் என்று கூறுதல் அதனினும் எளிது. தன்வயத்தனாதலுக்கும் தம்மாலே தாமாயிருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மற்றவர் நெஞ்சு நோவாமலும் தன் கொள்கை நழுவாமலும் எடுத்துரைத்தலே அரிது. சைவ மாணாக்கரும் கத்தோலிக்க மாணாக்கரும் அயல் அயல் வீதிகளிற் பயிலும் இத்துறைமுக நகரில் அவ்வரிய முயற்சிக்கு வாய்ப்பு மிகுதியும் உண்டு. சிவஞானபோதத்தைக் கற்கும் மாணாக்கன் சுவாரெஸின் இரண்டாம் ஆய்வுரையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பானாயின், தன் நூலின் அருமை அவனுக்கு முன்னினும் நன்கு விளங்கும். அயல்வீட்டானின் அருமையும் உடன் விளங்கும்.